பேர் அழித்த போசி

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்க முடியாதுங்களா?" என்றாள் வசுந்தரா.

சமையலறை ஜன்னலைச் சாத்தியாயிற்று. திரையை இழுத்துவிட்டாயிற்று. அதுவும் போதாதென்று மிக்ஸியை வெறும் ஜாரோடு ஓடவிட்டிருந்தாள்.

"மொதல்ல அந்த மிக்ஸிய நிறுத்துங்கக்கா. எனக்கே காது கேக்கல," என்றாள் தமயந்தி. "பெட்டில சத்தம் கொறைக்கிற திருகு எப்பவோ ஒடஞ்சு போச்சு. இது பேசுனா முழுசாத்தான் பேசும்."

"பக்கத்து ஊட்டுக்காரி செவுத்துல காத வெச்சுட்டே நிப்பா."

"பல்லி கத்துதுன்னு சொல்லுங்க."

"இத்தன பல்லியா?"

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. சாம்பல் நிறப் பெட்டியைச் சமையல் மேடையில் வைத்து, சுருள் வயரின் முனையில் இருந்த குழாயைக் கையில் எடுத்தாள். எழுபது வருஷத்துக்கு முந்தைய கெய்கர் பெட்டி அது. கல்லூரியில் இயற்பியல் துறையை இழுத்து மூடியபோது ஆய்வகச் சாமான்களை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அங்கே இருபத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்த தமயந்தி, இதை மட்டும் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எதுக்குக்கா இத்தன பதட்டம்? எப்பப் பொண்ணு பாக்க வாராங்க?"

"ஞாயித்துக்கெழம. மாப்ளயோட பெரியம்மா கையில மானியோடதான் படியேறுவாளாம். போன எடத்துல பூஜை ரூம் வௌக்குக்குக் கூட மானி புடிச்சாளாம். நம்ம ஊட்டு மானிய நானே எடுத்துப் பாத்துட்டா என்னன்னு நெனச்சேன். செவப்பு வந்துட்டா?"

அந்த 'வந்துட்டா'வில்தான் தமயந்தியின் பிழைப்பே இருந்தது. பழைய அணுஉலைகளைப் பிரித்த இரும்பை நல்ல இரும்போடு கலந்து உருக்கலாம் என்று சட்டம் வந்து பதினைந்து வருஷம். எந்தெந்த உலையிலோ கலவை தப்பியது. தப்பிய இரும்பு தட்டாகி, டம்ளராகி, இட்லிச் சட்டியாகி ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு மானி வைக்கச் சொன்னார்கள். உள்ளங்கையளவுப் பொருள். பச்சை எரியும், அல்லது சிவப்பு எரியும். எது எரிந்தாலும் அந்த நொடியே கதிர் வாரியத்துக்குத் தகவல் போய்விடும். ஒரு தடவை சிவப்பு எரிந்தால் அது பத்து வருஷத்துக்குச் சிவப்பு வீடு. அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளையோடு யாரும் உட்கார மாட்டார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்களே நம்பினார்கள்.

தமயந்தியின் பெட்டி யாருக்கும் தகவல் சொல்லாது. அதனால் பழைய பெட்டி வைத்துக்கொள்வதே குற்றம் என்று ஆக்கியிருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத, தனியாக இருக்கிற, வாய் திறக்காத தமயந்தியைப் பெண்கள் கொல்லைப்புற வழியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொருள் யார் கொடுத்தது என்று கேட்க மாட்டாள். யாருக்குப் போகப் போகிறது என்றும் கேட்க மாட்டாள்.

குழாய் குக்கரைத் தாண்டியது, அரிசித் தவலையைத் தாண்டியது. டிக், டிக் என்று சோம்பலாகச் சத்தம் போட்டது. மண்ணும் வானமும் எப்போதும் போடுகிற சத்தம் அது. பரண் மேல் சீர்ப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அங்கே கையை நீட்டியதும் பெட்டி அலறியது. கொதிக்கும் எண்ணெயில் கடுகைக் கொட்டியது போல இடைவெளியே இல்லாத அலறல்.

"ஐயோ," என்று வாயைப் பொத்தினாள் வசுந்தரா.

ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார்கள். ஒரே ஒரு போசிதான். முப்பது பேருக்குச் சோறு பொங்குகிற அளவு. வயிற்றுப் பக்கம் புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. ச. இலக்கியா.

"போன தையில வாங்குனது. பேரு கூட வெட்டிட்டேன். என்ற பொண்ணு பேரு."

"இதைக் குடுத்துருங்கக்கா. வாரியத்துல ஒப்படைச்சிருங்க."

"என்ன பேச்சு பேசற? எங்கிருந்து வந்துச்சும்பான். எந்த ஊடும்பான். ஞாயித்துக்கெழம ஆளுக வாராங்க தமயந்தி!"

"அப்ப ஆளு பொழங்காத எடத்துல ஆழமாக் குழி தோண்டிப் புதைச்சிருங்க. பரண்ல இருந்ததுனால ஆருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. பக்கத்துலயே வெச்சுட்டுப் பொழங்குனாத்தான் ஒடம்பக் கெடுக்கும்."

"நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் பெரியம்மா வீடு முழுக்க மானி பிடித்தாள். எங்கும் பச்சை. அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

*

மூன்று மாதம் கழித்துச் சின்னமணி கூப்பிட்டாள். தறிப்பட்டறைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஓட்டு வீடுகளில் ஒன்று அவளுடையது. மகன் டவுனில் புது வீடு பார்த்திருக்கிறான், வீட்டுச் சொந்தக்காரர் சாமானுக்கெல்லாம் மானி பிடித்துக் காட்டச் சொல்கிறார். அதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று.

"எங்களாட்ட இருக்கறவங்க ஊட்டுல என்னங் இருக்கப் போகுது," என்று சொல்லிக்கொண்டேதான் கதவைச் சாத்தினாள்.

பெட்டியைத் திறந்ததும் அலறியது. மூலையில் கவிழ்த்து வைத்த போசி. தமயந்தி கிட்டப் போய்க் குனிந்தாள். வயிற்றுப் பக்கம் நாலு விரல் அகலத்துக்கு அரம் போட்டு ராவி, வழவழவென்று தேய்த்திருந்தது. சாய்த்துப் பிடித்தால் மட்டும் 'இ'யின் சுழி நிழலாகத் தெரிந்தது.

தன் கட்டுப்பாட்டைத் தமயந்தி அன்றைக்குத்தான் முதல் தடவையாக மீறினாள்.

"இது ஆரு குடுத்ததுங்?"

"மொதலாளியம்மாதானுங். எங்க குடும்பத்துக்குப் பெரிய போசி இல்லீன்னு என்னைக்கோ சொன்னேன். நெனப்பு வெச்சு எடுத்துக் குடுத்தாங்க பாருங்க. மனசு ஆருக்குங்க வரும்? ஏனுங், மொகம் ஒரு மாதிரி ஆயிப் போச்சு? இது கெட்டதுங்களா?"

"கெட்டதுதான்."

"அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்."

தமயந்தி வாயைத் திறந்தாள். இந்தப் பொம்பளை நாளைக் காலை ஏழு மணிக்கு வசுந்தராவின் தறியில்தான் போய் நிற்க வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"தெரிஞ்சிருக்காது. நீங்க இதைப் புதைச்சிருங்க சின்னமணி."

"பொன்னாட்ட இருக்குது. இதப் போயிக் குழில போடறதுங்களா?"

"போட்டுத்தான் ஆகோணும்."

"ஆகட்டுங்க."

அந்த 'ஆகட்டுங்க'வைத் தமயந்தி நம்பினாள். நம்பிக்கொள்வது சௌகரியமாக இருந்தது. பஸ்ஸில் போகும்போது, இதுவரை எத்தனை பேர் 'நான் பாத்துக்கறேன்' என்று தன்னிடம் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணப் பார்த்தாள். எண்பதோ தொண்ணூறோ. அவர்களில் எத்தனை பேர் கையில் மண்வெட்டி எடுத்திருப்பார்கள் என்று எண்ணவில்லை.

*

ஆறு மாதம் கழித்து அங்கன்வாடிக்கு அடுத்த வீட்டில் அவளுக்கு வேலை இருந்தது. மத்தியானம் ஒரு மணி. அந்த வீட்டின் கிழக்குச் சுவர்ப் பக்கம் போனபோது பெட்டி முணுமுணுத்தது. இன்னும் நெருங்கினால் இன்னும் வேகம். சுவரில் ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

தமயந்தி பெட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஓடி வெகுநாள் ஆகிவிட்டது.

ஒரே அறைதான். முப்பத்திரண்டு குழந்தைகள் வரிசையாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் மேற்குச் சுவரோரம். அதில் பெரியது அந்தப் போசி. ஒரு பெண் குழந்தை தூக்கத்தில் உருண்டு போய், வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதென்று கன்னத்தை அதன்மேல் ஒட்டவைத்துப் படுத்திருந்தது.

தமயந்தி குழந்தையை வாரித் தூக்கினாள். அது வீறிட்டது.

"அட, ஆருங்க அது? தூங்கற புள்ளைய எதுக்குங்க தூக்கறீங்க?" ஆயா பாக்கியம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தப் போசி எத்தன நாளா இங்க இருக்குது?"

"அஞ்சு மாசம் இருக்கும். பேரே வெட்டியிருக்குது பாருங்க." ராவின இடத்தின் மேலேயே புதிதாக வெட்டியிருந்தது: அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு அன்பளிப்பு, சின்னமணி. "நாங்க ரெண்டு வருசமா பெரிய பாத்திரம் கேட்டு எழுதிப் போட்டுட்டே இருந்தோம். ஏழைப்பட்டவ மனசப் பாத்தீங்களா?"

ஐந்து மாதம். தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரத் தூக்கம். தமயந்தி பெட்டியை எடுத்து, குழாயைப் போசிக்கு நேரே நீட்டினாள். அலறலில் நாலைந்து குழந்தைகள் எழுந்து உட்கார்ந்து கைதட்டின.

"என்னங்க இது, வெடி வெடிக்குது?"

"இதுக்குள்ள இருந்து கதிர் வருதுங்க பாக்கியம். கண்ணுக்குத் தெரியாது. சோறு கெடாது, பக்கத்துல படுக்கறவங்க ஒடம்பு கெடும். இன்னைக்குத் தெரியாது. அஞ்சு வருசமோ பத்து வருசமோ கழிச்சு எதாவது ஒரு புள்ளைக்கு ரத்தத்துல தெரியும். எந்தப் புள்ளைக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. இதத் தூக்கி வெளிய வெயுங்க. இப்பவே."

"எங்க மானி பச்சதானே காட்டுது?" பாக்கியம் ஆணியில் தொங்கின மானியைக் காட்டினாள். அது கிழக்குச் சுவரில், கதவுக்கு மேலே, எட்டாத உயரத்தில் தொங்கியது. "உங்க பெட்டிதான் பழசாயிப் போச்சு. பாருங்க, வயரே பிஞ்சு தொங்குது."

"என்ற ஊட்டுல இருந்து வேற போசி கொண்டாந்து தாரேன். இதக் குடுங்க."

"நாளைக்கு ஆராச்சும் 'அன்பளிப்புப் போசி எங்க'ன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? பாக்கியம் தூக்கிட்டுப் போயிட்டாம்பாங்க. பெரியவங்க வந்து சொல்லட்டும். சர்க்கார் மானி சொல்லட்டும். நானே எடுத்து வீசறேன்."

"அதுவரைக்கும் புள்ளைங்கள இந்தப் பக்கம் படுக்க வெக்காதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் உழுகறேன்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க," என்று பாக்கியம் பின்வாங்கினாள். ஆனால் பாயை நகர்த்தவில்லை.

தமயந்தி வாசலில் நின்றபடியே வாரியத்துக்குப் போன் போட்டாள்.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க? அங்க இருக்கிற மானி பச்சைதானே அனுப்பியிருக்கு?"

"என்கிட்டப் பழைய பெட்டி ஒண்ணு இருக்குதுங்க."

"அது வெச்சிருக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியுமுங்க. வந்து எடுத்துக்குங்க. என்னையும் என்ன பண்ணோணுமோ பண்ணிக்குங்க. அந்தப் போசியையும் சேத்து எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு அது போதும்."

யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் பேர்களைச் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்துகொண்டாள். வசுந்தரா, சின்னமணி, இன்னும் நினைவிலிருக்கும் அத்தனை பேரும். இலக்கியாவின் கல்யாணம் நின்றாலும் சரி. ஊரே தன் முகத்தில் காறித் துப்பினாலும் சரி.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தான். மெய்யரசு என்று பேர். முப்பது வயசுகூட இருக்காது. கையில் வாரியத்தின் பெரிய மானி. போசியைச் சுற்றி ஒரு தடவை பிடித்தான். எதையோ அழுத்திவிட்டு இன்னொரு தடவை பிடித்தான்.

பச்சை.

"இல்லீங் தம்பி, கிட்டப் புடிங்க."

"கிட்டத்தாங்கம்மா புடிச்சேன். அளவுக்குள்ளதான் இருக்கு."

"என்ற பெட்டியக் கேளுங்க!" தமயந்தி திறந்துவிட்டாள். அலறல் அறையை நிரப்பியது. "இதுக்குப் பேரு என்னங்க?"

மெய்யரசு கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க பெட்டி தப்புன்னு நான் சொல்லலீங்க. போன மாசம் அளவ ஒசத்திட்டாங்க. செவப்பு வீடு ரொம்ப அதிகமாயிருச்சு, ஊருக்கு ஊரு கல்யாணமே நடக்க மாட்டேங்குதுன்னு மனு மேல மனு. எல்லா மானிலயும் ஒரே நாள்ல மாத்திட்டாங்க."

"அளவு ஒசந்துச்சு. புள்ளைங்க ஒடம்பும் ஒசந்துச்சுங்களா?"

அவன் மானியை உறைக்குள் போட்டான்.

"சரி, அளவு கெடக்கட்டும். நீங்க தூக்கிட்டுப் போயிருங்க. உங்ககிட்டப் பூட்டி வெக்கற எடம் இருக்குதல்ல?"

"பச்சை வந்த பொருள நாங்க எடுக்க முடியாதும்மா. எடுத்தா எதுக்கு எடுத்தேன்னு எங்கிட்டக் கேப்பாங்க." தமயந்தியின் பெட்டியைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினான். "இத எடுக்கலீன்னாலும் கேப்பாங்க. மன்னிச்சுக்குங்க. உங்க மேல கேஸ் வராம நான் எழுதிக்கறேன்."

"உங்களுக்குக் கொழந்த இருக்குதுங்களா?"

"ரெண்டு வயசுல ஒண்ணு."

"இந்த ரூம்புல படுக்க வெப்பீங்களா?"

மெய்யரசு செருப்பை மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டும் ஒரு நிமிஷம் படியிலேயே நின்றான். பிறகு போய்விட்டான்.

பாக்கியத்துக்கு முகமெல்லாம் மலர்ந்து கிடந்தது. "பாத்தீங்களா? ஏழைப்பட்டவ குடுத்ததுன்னதும் எல்லாத்துக்கும் சந்தேகம். சர்க்காரே நல்லதுன்னு சொல்லியாச்சு." போசியை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினாள். பருப்பைக் களைந்து வைத்தாள். அடுப்பு பற்றிக்கொண்டது.

தமயந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் பெட்டி இல்லை. சட்டம் இல்லை. உண்மையையெல்லாம் சொல்லியாயிற்று, ஒன்றும் ஏறவில்லை. நேற்றுப் போசியில் கன்னம் வைத்திருந்த குழந்தை வந்து, அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "வெடி எங்க?" என்று கேட்டது.

அந்தக் குழந்தையின் தலையில் கைவைத்தபடி தமயந்தி பேச ஆரம்பித்தாள். தன் குரல் இத்தனை நிதானமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"பாக்கியம், அடுப்ப அமத்துங்க. இனிமே மறைச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. கதிரு அது இதுன்னு நான் சொன்னதெல்லாம் பொய்யுங்க."

"அப்படி வாங்க வழிக்கு."

"உண்மையச் சொன்னா ஒரு குடும்பத்துக்குக் கேவலம்னுதான் பெட்டியக் காட்டி ஏமாத்தப் பாத்தேன். இது பொணம் குளிப்பாட்டுன போசிங்க."

பாக்கியத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"என்ன சொல்றீங்க?"

"இதுலதான் தண்ணி காயவெச்சு ஊத்துனாங்க. என்ற கண்ணால பாத்தேன். காரியம் முடிஞ்சு வீசியெறிய மனசில்லாம, பேர ராவிட்டுத் தள்ளி விட்டுட்டாங்க. சின்னமணிக்குத் தெரியாது, பாவம், அவ வெள்ளந்தி. நம்பிக்கையில்லீன்னா அந்தப் பேருக்கு அடியில தடவிப் பாருங்க. நல்ல போசியில இருக்குற பேர எதுக்குங்க ஒருத்தரு அரம் போட்டு ராவோணும்?"

பாக்கியம் தடவிப் பார்த்தாள். பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. சுட்டதுபோல் கையை உதறினாள்.

"ஐயோ சாமீ! இதுலயா அஞ்சு மாசம் புள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டேன்? நானும் தின்னேனே! பாவீ, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" அடுப்பை அணைத்தாள். துணியைச் சுற்றிப் பிடித்து, பருப்போடு தண்ணீரோடு போசியை வாசலில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். மேற்கொண்டு அதைத் தொடப் பிடிக்காமல் காலால் தள்ளினாள். உள்ளே ஓடிவந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அறையைக் கழுவ ஆரம்பித்தாள். "தூக்கிட்டுப் போங்க! இந்தத் தெருவுலயே இருக்கப்படாது!"

தமயந்தி போசியைத் தூக்கினாள். கனமாக இருந்தது. ஒரு கையில் தொங்கவிட்டால் விழுந்துவிடும் போலிருந்ததால், இடுப்பில் வைத்து அணைத்துக்கொண்டாள். ரொம்ப தூரமில்லை. தன் வீட்டுக்குப் பின்னால் வறண்டுபோன தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. உள்ளே இறக்கி, ஜல்லியும் சிமெண்டும் போட்டுத் தொட்டியையே மூடிவிட வேண்டும். மண்ணில் புதைத்தால் எவனாவது தோண்டி எடுத்து மறுபடி பேர் வெட்டுவான்.

பாக்கியத்தின் குரல் அவளுக்கு முன்னால் தெருவில் போய்விட்டிருந்தது. ஆறு வீடு தாண்டுவதற்குள் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் கிட்டே வர வர ஒவ்வொருத்தியும் பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தாள். கொல்லைப்புறமாகத் தன்னைக் கூப்பிட்டவர்கள்தான் அதில் பாதிப்பேர். யாரும் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வசுந்தரா கேட்டில் நின்று கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். மகள் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, வாசலில் பந்தக்கால் நட்ட குழி இன்னும் மூடவில்லை. தமயந்தியைப் பார்த்தாள். இடுப்பில் இருந்ததைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டது கண்ணில் ஒரு நொடி வந்து போயிற்று.

கீரைக்காரிதான் முதலில் மூக்கைச் சுளித்தாள். "சாவு ஊட்டுப் போசியாமா. அங்கன்வாடில பொங்கிட்டு இருந்தாங்களாமா."

அவள் எதிரில் ஏதாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? வசுந்தரா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்படியா தமயந்தி? ஆருங்க செத்தது?"

தமயந்தி நின்றாள். போசியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னும் தெரியலீங்கக்கா," என்றாள்.